தடமில்லாத எழுபது கிலோமீட்டர்

காலை ஆறரைக்கெல்லாம் வண்டி நிறுத்தத்தில் வரிசை நின்றுவிடும். ஆளில்லா வண்டிகள் ஒவ்வொன்றாக வரும். கதவோரம் இருக்கும் ஒலிவாங்கியில் எங்கே, எதற்கு என்று சொல்ல வேண்டும். "நூல் மில்லு. வேலைக்கு." கதவு திறக்கும். "பெரியாஸ்பத்திரி. சக்கரை மாத்திரை வாங்க." திறக்கும். மாராத்தாள் இருபத்தாறு வருடமாக மில் வாக்கியத்தையே சொல்லி வந்ததில், இப்போதெல்லாம் அவள் வாயைத் திறக்கும் முன்பே வண்டி கதவைத் திறந்துவிடும். தெருவில் அதை ஒரு மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள்.

அன்று அவளுக்குப் பின்னால் மகள் அஞ்சுகம் நின்றாள்.

"பவானிசாகர் நீர்நுட்ப நிலையம். அடுத்த வியாழக்கிழமை. நேர்காணல். இப்பவே பதிஞ்சு வெச்சுக்கோ."

வண்டி தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ யாரும் அங்கு சென்ற தடம் இல்லை. பயணத்தின் தேவை உறுதியாகவில்லை. மறு ஆய்வுக்கு நாற்பத்தைந்து நாட்கள். தொடரவா?"

"நேர்காணலே ஒம்பது நாள்ல. நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுப் போயி அங்க என்ன கொட்டகை கட்டறதா?"

"தொடரவா?"

"அம்முணி, அதுகூடப் போயி என்ன சண்டை? எங்களுக்கு நேரமாகுது" என்றது வரிசை.

அஞ்சுகம் விலகி நின்றாள். அவளுக்கு வண்டியின் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. மின்சாரம் தட்டுப்பாடான காலத்தில், வீண் பயணத்தைக் குறைக்க வந்ததுதான் இந்த ஊர்திவலை. யார் எங்கே போனார்கள் என்பதைப் பார்த்து, யாருக்கு எது தேவை என்று அது கற்றுக்கொண்டது. போனவர்களின் பிள்ளைகள் போனார்கள். போகாதவர்களின் பிள்ளைகளுக்குப் போகவேண்டிய தேவை இல்லையென்று கணக்காகிவிட்டது. இந்தத் தெருக்காரர்கள் எங்கும் போகக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. இருந்தால் கிழித்தாவது போடலாம்.

அவள் நான்கு வருடப் பொறியியலையும் வீட்டுத் திரையிலேயே படித்து முடித்தவள். தெருவில் முதல் பட்டம். நிலையத்துக் கடிதமோ நேரில் வரச் சொன்னது: எந்திரத்தைக் கையால் பிரித்துப் பூட்டிக் காட்ட வேண்டும்.

ரஞ்சிதம் அக்காவின் கோழிப்பண்ணைக்கு அவள் அன்று மதியம் போனதே புலம்பத்தான். ரஞ்சிதம் முட்டை அடுக்கியபடி கேட்டுக்கொண்டாள்.

"சைக்கிள்ல போயேன் புள்ளே."

"எழுவது கிலோமீட்டர்க்கா. பெரிய ரோட்டுல சைக்கிள் ஏறுனா அத்தனை வண்டியும் நின்னு போகும். மறுநிமிசம் போலீஸ் டிரோன் தலைக்கு மேல."

"வண்டி மாதிரி நாலு சக்கரத்தோட போனா?"

"விலகி வழி விடும். அதுக்கு எங்க போறது வண்டிக்கு?"

ரஞ்சிதம் முகவாயால் கொட்டகையின் பின்பக்கத்தைக் காட்டினாள். கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக ஒரு கறுப்புக் கான்டெசா. அந்தக் காலத்தில் தெருவில் உறுமிக்கொண்டு போனால் ஆள் ஒதுங்கி நிற்கும் கார். அதன் பின் இருக்கையில் இப்போது மூன்று கோழிகள் அடைகாத்தன.

"என்ற வூட்டுக்காரன் பிரிஞ்சு போறப்ப அண்டா குண்டாவக்கூட எடுத்துக்கிட்டான். இதைய மட்டும் இழுக்க முடியலை. அவங்கப்பன் ஓட்டினதாமா. நின்னு முப்பத்தஞ்சு வருசம். ஓட்டிட்டுப் போறதுன்னா போ, எனக்குக் கொட்டகையாச்சும் காலியாகும்."

"மாட்டுனா?"

"வண்டி போயிரும். உனக்கு ஆறு மாசம் பயணத்தடை. உன்னைத்தான் இப்பவும் ஒண்ணும் ஏத்தறதில்லையே, அதுல என்ன புதுசா நட்டம்?"

கோழிகளை இறக்கிவிட்டு அஞ்சுகம் பானெட்டைத் தூக்கினாள். எலிக்கூடு. அரித்த ஒயர்கள். எஞ்சின் இறுகிப்போய் ஒரு நூல்கூட அசையவில்லை. அவள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டாள். மூன்றாம் நாள் நீண்ட பிடி வைத்த ஸ்பேனரைப் போட்டு, இருவரும் தொங்கினார்கள். கிறீச்சென்று எஞ்சின் கால் சுற்று திரும்பியது. ரஞ்சிதம் அதற்கே குலவை போட்டாள்.

துருப்பிடித்த டேங்கை விட்டுவிட்டு, பானெட்டுக்குள்ளேயே ஒரு கேனைக் கட்டினாள். தெருவிளக்கின் பழைய பேட்டரி. பண்ணை டிரெய்லரின் டயர்கள். பிரேக்குக்கு ரப்பர் வளையங்கள் தேடித் தேடி மாற்றியும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பெட்ரோல் எங்கும் கிடையாது. பண்ணை ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்திருந்த எரிசாராயம் இருந்தது. எஞ்சின் நான்கு முறை தும்மிவிட்டு அணைந்தது. அன்றிரவு படுத்துக்கொண்டே யோசித்தாள்: சாராயத்துக்குச் சூடு குறைவு, ஆகவே அது அதிகமாகப் போக வேண்டும். காலையில் கார்புரேட்டரில் எரிபொருள் போகும் ஊசித்துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். சாவியைத் திருப்பினாள். கொட்டகைத் தகரம் முழுக்க அதிரும்படி உறுமிக்கொண்டு வண்டி உயிர்பெற்றது. பண்ணையே இறக்கையடித்துக் கத்தியது.

இருவரும் கைதட்டினார்கள். ஓடிப்போய்ப் பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன புள்ளே, எங்கேன்னு கேக்கக் காணோம்?"

அஞ்சுகத்துக்கு உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. முன்னால் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு காலி இருக்கை இருந்தது. அங்கே யாராவது உட்கார வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ரஞ்சிதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஞ்சுகத்துக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. நான்கு வருடம் மோட்டார் படித்தவள், உட்கார்ந்தால் யாரோ கூட்டிப்போவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள்.

முன்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் கோழிக் குப்பைமேட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினாள். ஒரு தண்ணீர்த் தொட்டி உடைந்தது.

வியாழன் காலை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலை ஏறினாள். ஊர்திவலையின் வண்டிகள் மீன்கூட்டம்போல விலகின. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியில் முகம் பதித்து, சக்கரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பெண்ணைப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் பிரேக் பிடிக்காமல் கைபிரேக்கை இழுத்தாள். பத்தே காலுக்கு நிலைய வாசல்.

வாசல் எந்திரம் கேட்டது: "உங்கள் வருகைத் தடம் இல்லை. எவ்வாறு வந்தீர்கள்?"

காவலாளி காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "பக்கத்தூர்ல சொந்தக்காரங்க வூட்ல இருந்து நடந்து வந்தேன்னு சொல்லிரும்மா. உள்ள விட்ரும். தடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வண்டிய நான் அந்த மரத்தடில தள்ளிக்கறேன்."

நல்ல மனுஷன். சொல்லிவிடலாம்தான். ஆனால் நடந்து வந்தவளுக்குத் தடம் எழுதப்படாது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி படித்து முடித்து வரிசையில் நிற்பாள், யாரும் சென்ற தடம் இல்லை என்று வண்டி சொல்லும்.

"பல்லடத்துல இருந்து. நானே ஓட்டிட்டு வந்தேன்" என்றாள். "அப்படியே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டது. ஆறு மாதப் பயணத்தடையையும் அதே மூச்சில் படித்துவிட்டுக் கதவைத் திறந்தது.

நேர்காணல் அறையில் அதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. நடுவில் இருந்த அம்மாள் பம்பு எதையும் பிரிக்கச் சொல்லவில்லை. "சாராயத்துல எப்படிம்மா ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். திங்கள்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லி, விடுதியில் அறையும் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது கான்டெசாவைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ரஞ்சிதம் போனில், "போச்சா? நல்லதாப் போச்சு, இன்னிக்கே கொட்டகையில குஞ்சு வுடறேன்" என்றாள். அப்புறம், சாவியாவது கையில் இருக்கிறதா என்று கேட்டாள்.

அஞ்சுகம் மாற்றுத்துணிகூட இல்லாமல் வந்திருந்தாள். ஞாயிறு காலை விடுதி வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. துணிப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே மாராத்தாள்.

"எப்படிம்மா ஏத்துச்சு?"

"ஊர்ப்பேரைச் சொன்னேன் சாமி. 'உங்கள் மகள் சென்ற இடம்'னு சொல்லிட்டுத் திறந்துருச்சு." அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அஞ்சுகத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த அவ்வளவுக்கு எத்தனை பேர் வயது போயிருக்கிறது.

"மூஞ்சிய ஏண்டி இப்படி வெச்சிருக்கறே?"

அவள் பதில் சொல்லுமுன் வண்டி பேசியது. "மாராத்தாள், இந்தத் தடத்தால் உங்களுக்குப் புதிய இடங்கள் முப்பத்தொன்று திறந்துள்ளன. அடுத்து எங்கே செல்ல விருப்பம்?"

மாராத்தாள் வாயைத் திறந்தாள். வண்டி காத்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அவள் விருப்பத்தை யாரோ கேட்கிறார்கள். பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு மகள் பக்கம் குனிந்தாள்.

"ஏஞ்சாமி," என்றாள் வண்டிக்குக் கேட்காத குரலில், "எல்லாரும் எங்கதான் போவாங்க?"