ஆளில்லாத பந்தி

குடிவர இடம் பார்க்க வந்தவர்களை வழியனுப்பிவிட்டு, ஆளில்லாமல் பரிமாறி வைத்த இலைகளை எடுக்கப் போன கோதண்டராமன் குனிந்தபடியே நின்றுவிட்டார். இலைகள் மடிக்கப்பட்டிருந்தன. அதுவும் சாப்பிடுகிறவர் பக்கமாக இல்லை. சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக. பிரித்துப் பார்த்தார். சோறும் சாம்பாரும் அப்படியே இருந்தன, மணம்தான் துளிகூட இல்லை.

காற்றாக இருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். சரசு எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"ஆளில்லாத எலையில சோறு போட்டா யார் வருவாங்கனு தெரியாதா உங்களுக்கு? அமாவாசைக்கு யாருக்குங்க படைக்கிறோம்?"

தெரியும். தெரிந்தும் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தாலுகா ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன கையோடு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி அந்தக் கூட்டுக் குடியிருப்பைக் கட்டியிருந்தார். முற்றத்தைச் சுற்றிக் குடும்பத்துக்கொரு அறை, எல்லோருக்கும் ஒரே சமையல், வந்தவர்கள் கடைசிவரை ஒருவருக்கொருவர் துணை. பிள்ளையில்லாத அவருக்கும் சரசுவுக்கும் அதைவிட்டால் கதியில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் மலையைக் கும்பிட்டார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், "அருமையான யோசனைங்க" என்றார்கள், பஸ் ஏறிப் போய்விட்டார்கள். காலி வீட்டுக்கு முதல் ஆளாக வர யாருக்குத்தான் துணிச்சல் வரும்? அதனால்தான் பந்தி முழுக்க இலை போட்டுப் பரிமாறிவிட்டு, "எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்று அளக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து வீடு மாறியது. பூட்டிய அறைகளுக்குள் பட்டப்பகலிலேயே பாய் விரிக்கும் சரசரப்பு, யாரோ மெல்லத் தொண்டையைச் செருமுவது, ஈரமண்ணும் வாடிய சாமந்தியும் கலந்த வாடை, முற்றத்தில் நடந்தால் கூடவே நடந்து நின்றால் தானும் நின்றுவிடும் காலடி என்று ஏதாவது ஒன்று சரசுவைத் துரத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை அவள் பையைத் தூக்கிவிட்டாள்.

"ஆரணிக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன். மனுஷங்களா ஒரு குடும்பம் குடிவந்தா சொல்லி அனுப்புங்க, வரேன். இல்லாட்டி என்னை விட்டுடுங்க."

அவரேதான் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அவள் இல்லாமல் அந்த மனிதர் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

மத்தியானம் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் போளூரிலிருந்து ராமகிருஷ்ணன் என்கிற வாத்தியாரும் அவர் மனைவி ரேணுகாம்பாளும் வீடு பார்க்க வந்தார்கள். இருவருக்கும் அறை பிடித்தது, கிணறு பிடித்தது. கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த இலைகளைக் காட்டி அவர் கோயில் கதையை அளந்து முடித்ததும் ரேணுகாம்பாள் கேட்டாள்.

"உங்க வீட்டம்மா இல்லீங்களா?"

பெண்டாட்டியே தங்காத வீட்டில் எவன் குடியேறுவான்? இவர்களை விட்டால் சரசுவும் இல்லை. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"பக்கத்துல போயிருக்கா. இப்ப வந்துடுவா. அவளுக்கும் எலை போட்டுடறேன்."

அவர்கள் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். சரசுவின் இலையில் சோறு வைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவளுக்குப் படைக்கிறோம். அந்த நினைப்பை விழுங்கிவிட்டு அப்பளத்தையும் வைத்தார்.

ஓர் அறையின் தாழ்ப்பாள் விலகியது. அடுத்த அறை. அதற்கடுத்தது. காலடிகள். நிறையக் காலடிகள். சாமந்தி வாடை. பந்தியில் ஒருவருமில்லை. சமையலறைக்கு ஓடி ரசச்சட்டியைப் பிடித்துக்கொண்டார். அண்ணாமலையாரே. அண்ணாமலையாரே.

திரும்பி வந்தபோது சரசு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. வெளியே கொட்டுகிற மழையில் ஒரு சொட்டுகூட அவள்மேல் இல்லை.

"எப்ப வந்த?"

"நீங்கதானே கூப்டீங்க." இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

கூடத்து வாசலில் ரேணுகாம்பாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "ஏங்க, எவ்ளோ பேரு! நீங்க சொன்னப்ப நாங்க நம்பலீங்க. நல்லா கலகலனு இருக்குது. நாங்களும் இங்கியே வந்துடறோம்."

ராமகிருஷ்ணன் வெறும் பாய்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கோதண்டராமன் ஊரெல்லாம் கெஞ்சினார். இப்போது, வேண்டாம், ஓடிப்போய்விடுங்கள் என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் சரசு முந்திக்கொண்டாள்.

"இப்டி வாங்க," என்று சரசு நகர்ந்து இடம் விட்டாள்.

ரேணுகாம்பாள் அவள் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். நகர்ந்ததில் சரசுவின் புடவைக் கரை விலகியது. அவள் சம்மணம் போட்டிருக்கவில்லை. இலைக்குப் பக்கத்தில் கால்களை விறைப்பாக நீட்டியிருந்தாள். இரண்டு கால்களின் கட்டைவிரல்களும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.