தோளில் விழுந்த முகூர்த்தப்பட்டு

அந்தப் பட்டுச் சேலையைக் கடைப் பையன் தன் தோளில் போட்டுக் காட்டியபோது செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாம்பழ நிறம், அரக்குக் கரை... அதற்கு மேலே ஒரு மீசை.

"என்னங்க சிரிப்பு?" என்றான் அவன், முந்தியை நெஞ்சின்மேல் நீவிவிட்டபடி.

"ஒண்ணுமில்ல... உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு."

"எனக்கு எடுப்பா இருந்து என்ன செய்ய? கட்டிக்கிறவுகளுக்குல்ல இருக்கணும்."

ரங்கூனின் பெரிய கடைகளில் துணிகளைப் பொம்மைக்குத்தான் உடுத்தியிருப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, தெற்கு மாசி வீதியின் இந்த ஜவுளிக்கடைதான் வெளிநாடு. அண்ணனின் கல்யாணத்துக்காக அப்பாவோடு கப்பலேறி வந்திருந்தாள். மணப்பெண்ணுக்குப் பட்டு எடுக்க, சோழவந்தானிலிருந்து அத்தை அழகம்மாள் அவளைக் கூட்டி வந்திருந்தாள்.

அத்தை சிவப்புப் பட்டொன்றை ஒதுக்கினாள். செல்லத்தாயின் கண்களோ மாம்பழப் பட்டை விட்டு நகரவில்லை.

"இது எனக்கு, அத்தை."

"முகூர்த்தப்பட்டுடி அது. மாப்பிள்ளை வீட்டுலதான் எடுக்கணும். இப்ப உங்கண்ணன் பொண்டாட்டிக்கு நாம எடுக்கலையா? நீ ஆசைப்படலாம், எடுக்கக் கூடாது."

"மாப்பிள்ளை வர்றதுக்குள்ள வேற யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாக."

அவன் தலை குனிந்து சிரிப்பை அடக்கினான். அத்தை அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஆனையூரு. பேயாண்டி மகன் தவசி."

"அட... அப்ப நமக்கு முறையாகணுமே."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாங்க வேண்டியதை வாங்கிய பிறகும் தவசி சேலைகளை விரித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு மடிப்பும் விரியும்போது, அதன் விளிம்புக்கு மேலே அவனுடைய இரண்டு கண்கள்... மழையில் நனைந்த நாவற்பழம் போன்ற கண்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

அத்தை வாசலுக்குப் போய் மழையை எட்டிப் பார்த்த நேரத்தில்தான் அந்தத் தவறு நடந்தது.

ரங்கூன் கடைப் பெண்களுக்குச் செல்லத்தாய் அவ்வப்போது மிட்டாய்ப் பெட்டியோ கைக்குட்டையோ கொடுப்பாள். புதுச் சரக்கு இறங்கினால் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தில் கைப்பையிலிருந்த சின்ன அத்தர்க் குப்பியை எடுத்து விரிப்பின்மேல் வைத்தாள்.

"இதை வச்சுக்கங்க. அந்தச் சேலையை வேற யாருக்கும் காட்டாதீங்க."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவன் செருமினான். "என்ன மாப்ள... இனாம் பலமா இருக்கு."

தவசியின் முகம் கறுத்தது. குப்பியை எடுத்து அவளுடைய பொட்டலத்தின்மேல் வைத்தான்.

"எங்களுக்கு முகம் ஞாபகம் இருந்தாப் போதுங்க. கைக்கூலி வேண்டாம்."

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. "துணி விக்கிறவுகளுக்கு இம்புட்டு ரோசமா?" சொல்லிவிட்டு, தூறலிலேயே இறங்கி நடந்தாள்.

வண்டி வைகைப் பாலம் ஏறுவதற்குள் கோபம் கரைந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னோம்... சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்மேல் மழை விழும் ஓசையெல்லாம் அதையே திருப்பிக் கேட்டது. அண்ணி சிவப்புப் பட்டில் மணையில் அமர்ந்தபோதும், அவள் கண்ணுக்கு மாம்பழ நிறந்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு மீசை... இப்போது சிரிப்பு வரவில்லை.

கப்பலுக்கு நாள் நெருங்கியது. போய்விட்டால் இந்த முகத்தை இனி எப்போது பார்ப்பது?

"அத்தை... ரவிக்கைத் துணி எடுக்கணும்."

"ரங்கூன்ல கிடைக்காத ரவிக்கைத் துணியா?" அத்தை அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "சரி, கிளம்பு."

கடையில் தவசி எழுந்து நின்றான். அத்தை ரவிக்கைத் துணிப் பக்கம் போய், அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த மாம்பழப் பட்டு..." என்று இழுத்தாள் செல்லத்தாய்.

"இல்லீங்க. மாப்பிள்ளை வீட்டுல எடுத்துட்டாக."

கண்ணில் நீர் திரண்டது. "பொண்ணு... எந்த ஊராம்?"

அவன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கி அவிழ்த்தான். மாம்பழ நிறம், அரக்குக் கரை.

"பொண்ணுக்கு இன்னும் தெரியாதுங்க. முறைன்னு உங்க அத்தை சொன்னாக... அந்தத் தைரியத்துல என் பேருக்கே எடுத்துட்டேன். கடையில வேலை பாக்குறவன் வேணாம்னா, பெட்டியிலேயே கிடக்கட்டும். இதை இன்னொருத்தருக்கு என் தோள்ல போட்டுக் காட்ட மனசு வரல."

மழை வந்ததா, அவள் காதுக்குள்தான் பெய்ததா... தெரியவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றாள். கைப்பையைத் திறந்து, அதே குப்பியை எடுத்துப் பட்டின்மேல் வைத்தாள். "இது கைக்கூலி இல்ல. பொண்ணு வீட்டுச் சீரு. இதைத் திருப்பித் தந்தா மரியாதை இல்ல."

தவசி குப்பியை எடுத்தான். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏண்டி, எடுத்தாச்சா?" தூரத்திலிருந்து அத்தையின் குரல்.

செல்லத்தாய் பட்டின் கரையை விரலால் தொட்டாள்.

"எடுக்க வேண்டியவுக எடுத்துட்டாக, அத்தை... நீங்க அப்பாகிட்டச் சொல்லணும்."