கார்லீன் கணக்கில் 40 பாயின்ட்

செல்போன் கிணுகிணுத்தது.

நோரீன் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் வெங்காயம்.

வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. இடாஹோ மாநிலத்து மெரிடித் ஊரின் வெங்காயக் கிடங்கில் பெல்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அழுகியதையும் முளைவிட்டதையும் பொறுக்கித் தள்ளுவது அவள் வேலை. எட்டு மாதமாக அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அங்கே நின்று அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இடைவேளை மணி அடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்தாள்.

பார்த்தவள், பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

'நன்றி கார்லீன்! இன்று உங்கள் கணக்கில் 40 பாயின்ட் சேர்ந்தது. மீண்டும் வருக! லாஸ்ட் ஃபென்ஸ் கஞ்சா ஸ்டோர், ஜூனிப்பர் ஃபோர்டு.'

கார்லீன்!

அவளுடைய அக்கா. மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவள். நவம்பர் வந்துவிட்டது. இன்றுவரை ஒரு போன் இல்லை, ஒரு கடுதாசி இல்லை... செத்தாளா, இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. இருக்கிறாள்!

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரேகானில், பன்னிரண்டே மைல் தூரத்தில் ஒரு கடையில் நின்று, இன்று காலை எதையோ வாங்கியிருக்கிறாள்.

நோரீன் மேஸ்திரியிடம் வயிற்று வலி என்று ஒரு பொய் சொன்னாள். அவர் தலையாட்டுவதற்குள் கார் ரோட்டில் இருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அக்காவைத் திட்டினாள். பாவி... பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பிறகு, பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும், கன்னத்தில் ரெண்டு அறை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

இன்னொன்றும் உறுத்தியது. இத்தனை நாளும் அவள் ஒரு நல்ல மனுஷன் மேலே பழி போட்டிருக்கிறாளோ?

கார்லீனின் புருஷன் டேரல். சர்க்கரை ஆலையில் ஃபோர்மேன். குடிப்பான், கத்துவான், பொண்டாட்டியின் போனை எடுத்து மெசேஜ்களை நோண்டுவான். அவன்தான் அக்காவை ஏதோ செய்துவிட்டான் என்று நோரீன் சர்ச் வாசலில் வைத்தே கத்தியிருக்கிறாள். அவன் ஊர் முழுக்க அக்காவின் போட்டோவை ஒட்டினான். நடிப்பு என்றாள். ஒருநாள் அவள் எதிரிலேயே அழுதான். அதுவும் நடிப்பு என்றாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

கர்டிஸ் ஹாலண்ட். கேஸை விசாரித்த போலீஸ் அதிகாரி.

உங்கள் அக்கா மேஜர், சொந்த விருப்பத்தில் போயிருக்கலாம், எங்கோ நிம்மதியாக இருப்பார் என்று அவர்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். ஃபைலை மூடிய பிறகும் அவளை மூடிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். சாப்பிட்டீர்களா என்று கேட்பார். கழுத்து எலும்பு தெரிகிறது என்று கவலைப்படுவார். போன மாதம் வீட்டு ஹீட்டர் படுத்துக்கொண்டபோது டூல்ஸ் பெட்டியோடு வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

முதலில் கடை. அப்புறம் கர்டிஸுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

லாஸ்ட் ஃபென்ஸ் வாசலில் இருபது கார்கள் நின்றன. பதினெட்டில் இடாஹோ நம்பர் பிளேட். அந்தக் கரையில் கஞ்சா வைத்திருந்தாலே குற்றம், இந்தக் கரையில் பில் போட்டுக் கொடுக்கிறார்கள். மெரிடித் ஊரின் பாதி சர்ச் அங்கே தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றது. நோரீன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களும் பார்க்கவில்லை.

வாசல் அறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் கோர்டி உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் காளை மாட்டின் மேலே உட்கார்ந்து பரிசு வாங்கியவர். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து கார்டு பார்க்கிறார். நோரீனின் லைசென்ஸை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கினார். உள்கதவு திறந்தது.

கவுன்ட்டரில் இருந்தவள் யெசெனியா. ஐம்பது வயது, வாய் ஓயாத மனுஷி. ஒரு வயசான விவசாயத் தம்பதிக்கு மிட்டாய் டப்பாவைக் கொடுத்து, பாதிதான் சாப்பிட வேண்டும், ரெண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போட்டால் அப்புறம் கூரை சுற்றும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவி பயபக்தியோடு தலையாட்டினாள்.

அவர்கள் நகர்ந்ததும் நோரீன் போனை நீட்டினாள்.

"இது எங்க அக்கா. எட்டு மாசமா காணோம். இன்னிக்கு இங்க வந்திருக்கா. எந்தப் பக்கம் போனா? பார்த்தீங்களா?"

யெசெனியாவின் வாய் முதல்முறையாக ஓய்ந்தது.

நம்பரைக் கேட்டாள். நோரீன் தன் நம்பரைச் சொன்னாள். திரையில் கார்லீன் பெயர் வந்தது.

"உங்க நம்பர்லதான் அக்கா கணக்கு ஆரம்பிச்சிருக்காங்க கண்ணு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் ஏன் என்று புரிந்தது. சொந்த நம்பரைக் கொடுத்திருந்தால் மெசேஜ் டேரல் கண்ணில் பட்டிருக்கும். தங்கச்சி திட்டுவாள், ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

கடையிலிருந்து மெசேஜ் அனுப்பும் ஏற்பாடே இந்த வாரம்தான் ஆரம்பித்தது என்றாள் யெசெனியா. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் திரையில் மட்டும்தான் இருக்கும். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

இரண்டே வரி.

மார்ச் 12, காலை 11.40. தூக்கத்துக்கான திராட்சை மிட்டாய், ஒரு டப்பா.

நவம்பர் 14, காலை 10.52. சுருட்டிய கஞ்சா, இரண்டு.

நோரீன் முதல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்குத் தூக்கம் வராது என்பதே அவளுக்குத் தெரியாது. வாரத்துக்கு நாலு தடவை பேசிக்கொண்டவர்கள். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கண்ணு..." யெசெனியா தயங்கினாள். "காலைல வந்தது உங்க அக்கா இல்ல."

"என்னது?"

"ஒரு ஆம்பள. பாயின்ட் நம்பர் இருந்தா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மெம்பருக்கு இருபது பர்சன்ட் தள்ளுபடின்னேன். யோசிக்கவே இல்ல, கடகடன்னு பத்து இலக்கத்தையும் ஒப்பிச்சார். திரைல பேர் வந்துச்சு. 'கார்லீனா?'ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் முழிச்சார். அப்புறம், 'ஆமா, என் பொண்டாட்டி'ன்னார்."

நோரீன் மறுபடி திரையைப் பார்த்தாள்.

டேரல்!

எப்படி இருந்தான் என்று கேட்டாள். உயரம், மீசை, தொப்பி என்றாள் யெசெனியா. இடாஹோவிலிருந்து வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். கார்டைப் பார்த்திருப்பார்களே என்றதற்கு, பார்ப்போம், யாருடைய பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது, சட்டம் அப்படி என்றாள். காலையில் வாசலில் இருந்தது வேறு ஆள். கோர்டி பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார்.

பாலத்தின் மேலே உயிரோடு வந்த அக்கா, கவுன்ட்டருக்கு முன்னால் மறுபடி செத்துப் போனாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அன்றைக்கு டேரல் அவளோடு இங்கே வந்திருக்கிறான். பக்கத்தில் நின்று நம்பரைக் கேட்டிருக்கிறான். அப்புறம்...

அவள் கர்டிஸுக்குப் போன் போட்டாள். ஒரே ரிங்கில் எடுத்தார்.

அழுகையும் வார்த்தையுமாகக் கொட்டினாள். கார்லீன் கணக்கு, மெசேஜ், காலையில் வந்த மீசைக்காரன், டேரல்தான், இப்போதே அவனைப் பிடியுங்கள்...

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நோரீன், நான் சொல்றதைக் கேளுங்க. யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. உங்க காரை அங்கயே விட்டுடுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். பதினஞ்சு நிமிஷம்."

அவளுக்கு அந்தக் குரலைக் கேட்டதே தெம்பாக இருந்தது. உலகத்தில் தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். யெசெனியா காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். பாதி கீழே சிந்தியது.

பதினைந்து என்றவர் பதின்மூன்றில் வந்தார்.

வெளிக்கதவு திறந்தது. சாதா உடுப்பில், தொப்பியோடு, கர்டிஸ் வாசல் அறைக்குள் நுழைந்தார். உள்கதவுக் கண்ணாடி வழியாக நோரீனைப் பார்த்து, வாங்க என்று கையசைத்தார்.

நோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். யெசெனியா அவள் தோளை அணைத்தபடி கதவு வரை கூட வந்தாள்.

வந்தவள் நின்றுவிட்டாள்.

"அட... அவரே வந்துட்டாரே கண்ணு."

"யாரு?"

"காலைல வந்தவர். உங்க அக்காவோட வீட்டுக்காரர்."

நோரீன் கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கர்டிஸ் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

"கோர்டி," என்றாள் யெசெனியா, கூண்டின் இந்தப் பக்கத் துளை வழியாக, குரலை உயர்த்தாமல். "கதவைத் திறக்காதே."

அப்படியே பின்னால் நகர்ந்து, கவுன்ட்டருக்கு அடியில் இருந்த அபாய மணிப் பட்டனை அமுக்கினாள். ஜூனிப்பர் ஃபோர்டு போலீஸ் ஸ்டேஷன் நாலு தெரு தள்ளி இருந்தது.

கர்டிஸ் தன் பேட்ஜை எடுத்துக் கூண்டின் முன்னால் நீட்டினார். அவசரம், திற என்றார்.

கோர்டி அதை நிதானமாகப் படித்தார்.

"இதுல பொறந்த தேதி இல்லையே சார்."

கர்டிஸ் திரும்பி வெளிக்கதவை இழுத்தார். அதுவும் பூட்டியிருந்தது. திருடனுக்காகக் கட்டிய ஏற்பாடு. இரண்டு கதவும் கோர்டியின் பட்டனுக்குத்தான் கட்டுப்படும்.

"மன்னிக்கணும் சார். கதவு கொஞ்சம் மக்கர் பண்ணுது," என்றார் கோர்டி.

நோரீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

"காலைல இங்க வந்தீங்களா கர்டிஸ்?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். வந்தேன், தோள் வலி, யாருக்கும் தெரியக் கூடாதென்று சொந்த நம்பரைக் கொடுக்கவில்லை, வாரா வாரம் டயல் பண்ணிப் பழகியது, வாயில் உங்கள் நம்பர் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். சிரிக்கக்கூடப் பார்த்தார்.

நோரீன் தலையாட்டினாள். அதை அவள் நம்பினாள். அதுதான் வலித்தது.

"சரி. நம்பர் வாய் தவறி வந்துடுச்சு. திரைல கார்லீன்னு பேர் வந்துச்சே... நீங்க தேடிட்டிருந்த பொண்ணு. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு போன் போடலையே கர்டிஸ். 'என் பொண்டாட்டி'ன்னு சொல்லிட்டு, தள்ளுபடியை வாங்கிட்டுப் போயிருக்கீங்களே. ஏன்?"

கர்டிஸ் பேட்ஜைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சைரன் சத்தம் தெருமுனையில் கேட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஒரேகான் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார், தரையைப் பார்த்துக்கொண்டே. கார்லீனோடு ஒன்றரை வருஷப் பழக்கம். அன்றைக்கு அவர்தான் காரில் கூட்டி வந்தார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று காரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் மட்டும் உள்ளே போய் மிட்டாய் வாங்கி வந்தாள். திரும்பும் வழியில், இனி மறைக்க முடியாது, உன் பொண்டாட்டியிடம் சொல்லப் போகிறேன் என்றாளாம். ஆற்றோரம் காரை நிறுத்தினார். தள்ளினார். பாறை.

பழைய ஜல்லிக் குழியில் புதைத்த இடத்தையும் சொன்னார். அந்தக் குழியைத் தாண்டித்தான் நோரீன் தினமும் வெங்காயக் கிடங்குக்குப் போகிறாள்.

அவள் கடைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். யெசெனியாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

கொஞ்சம் மூச்சு வந்ததும் டேரலுக்குப் போன் போட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"அத்தான்... அக்கா கெடைச்சுட்டா," என்றாள். அவன் சந்தோஷமாக ஏதோ கத்தினான். அவளால் மேலே பேச முடியவில்லை. எங்கிருக்கிறாள், எங்கிருக்கிறாள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அவனுக்கே புரிந்து, அவனும் பேச்சை நிறுத்திவிட்டான். இந்த முறை அவன் அழுததை அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

வாசலில் போலீஸ் காரின் பின்சீட்டில் கர்டிஸை ஏற்றினார்கள். கையில் விலங்கு. நோரீன் பக்கத்தில் வந்து நின்றதும் தலையை நிமிர்த்தினார்.

"வேணும்னு பண்ணல நோரீன். உங்ககிட்ட காட்டின அக்கறையெல்லாம் பொய் இல்ல. நம்புங்க."

நோரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்பாம என்ன கர்டிஸ்? ஏப்ரல் மாசம் நான் போனைத் தூக்கிப் போடப் போனப்ப, 'நம்பரை மாத்தாதீங்க, என்னிக்காவது அக்கா கூப்பிடுவா'ன்னு சொன்னீங்க. அதை நம்பித்தானே இருந்தேன்..."

கார் கதவை அவளே சாத்தினாள்.

"கூப்பிட்டுட்டா."