கூடும் வாடை

விளக்கைப் போட்டதும் அந்தக் கரப்பான் ஓடவில்லை. மீசையைத் திருப்பி ஒரு கணம் நின்றது. பிறகு வெளிச்சத்திலேயே தரையைக் கடந்து அவள் கால்விரலை நோக்கி வந்தது.

தனக்குத்தான் அப்படித் தோன்றியதோ? பூச்சிமருந்து கம்பெனியில், சோதனைக்காகக் கரப்பான் வளர்க்கும் அறையில் அவளுக்கு வேலை. அவை பதுங்கும் அட்டைகளை மாற்ற வேண்டும். பழைய அட்டையில் படிந்த எச்சத்தின் வாடைதான் மற்றவற்றையும் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்கும். அதனால் அந்த எச்சத்தைப் புது அட்டையில் தேய்த்துவிடுவாள். கையுறை போட்டால் வேலை ஓடாது என்று வெறுங்கையால். அந்தத் தூசியில்தான் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. மூக்கு எப்போதும் அடைத்தே கிடந்தது.

"குளிச்சியா இல்லையா? குப்புனு அடிக்குது," என்றாள் அக்கா, அறை வாசற்படியில் நின்றபடி.

"ரெண்டு தடவை குளிச்சேன்க்கா."

"நீ வந்த அப்புறம்தான் இதுங்க இங்க குடித்தனமே பண்ணுது. மாமா சமையல்கட்டுல மருந்து அடிக்கப் போறாரு. ரூமை விட்டு வெளிய வராதே."

"உன் சொந்தக்காரங்களுக்கு டாட்டா சொல்லிடும்மா," என்று அக்காவின் கணவர் உள்ளிருந்து சிரித்தார்.

அறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

மருந்து சீறும் ஓசை கேட்டது. மண்ணெண்ணெய் போன்ற நெடி சுவரோரமாகக் கசிந்து வந்தது. அதன் பின்னாலேயே, யாரோ சருகை மெதுவாகக் கசக்குவது போன்ற சலசலப்பு சமையல்கட்டிலிருந்து கிளம்பி, நடையைக் கடந்து, அவள் கதவின் அடியில் வந்து நின்றது. பிறகு உள்ளே வழிந்தது. எண்ணெய்ப் பளபளப்போடு. பழுப்பாக.

கரப்பான்கள் கட்டிலில் ஏறவில்லை. சுவரில் ஏறவில்லை. அவள் மேல் ஏறின. முதலில் உள்ளங்கைகளைத் தேடிப் பிடித்தன. உதறினாள். விழுந்தவை திரும்பி வந்தன. நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது.

"அக்கா! கதவைத் திற! மூச்சு விட முடியலக்கா!"

"திறந்தா எல்லாம் இங்க வந்துரும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

டிவியின் சத்தம் கூடியது.

முழங்கை. கழுத்து. காதுமடல். வாயை இறுக மூடினாள். மூக்கில் காற்றில்லை. உதட்டின் ஈரத்தை ஒரு மீசை தொட்டுப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு பல. அவற்றுக்கு அவசரமே இல்லை. வாயைச் சுற்றி, உடலோடு உடல் ஒட்டி, அமைதியாக அமர்ந்தன.

நெஞ்சு காற்றுக்குத் துடித்தது.

உதடுகள் பிரியத் தொடங்கின.