இரண்டு முப்பத்து மூன்று

சர்வர்களை அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் குனிந்து குனிந்து அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஜன்னலில்லாத அந்த அறையில், மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய ஒயரின் நாற்றத்துக்கும் நடுவே, ஆலைக்கே நேரம் கொடுக்கும் சர்வரின் கடிகாரம் இரண்டு ஐம்பதைத் தொட்டதும் மூன்றாம் முறையாகப் பின்னால் போய் இரண்டு முப்பத்து மூன்றில் நின்றது.

பேட்டரியை மாற்றியாயிற்று. நெட்வொர்க் ஒயரையும் பிடுங்கியாயிற்று. நேரத்தை மாற்றியது யார் என்று பதிவில் தேடினால், மூன்று முறையும் அவனுடைய பெயர்.

வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் அக்கா போனில் சிரித்தாள்.

“இன்னிக்கு ஷிப்ட் முடியுமா முடியாதா தம்பி? கேட்ல நிக்கிறவங்க என்னையதான் திட்டுறாங்க.”

“பாத்துட்டேதான் இருக்கேன்க்கா.”

பதினேழு நிமிடம். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். போன மாதம் மூட்டை தூக்குகிறவன் ஒருவன் மூட்டை ஏற்றும் ரப்பர் பெல்ட்டில் மாட்டிச் செத்தது இரண்டு ஐம்பதுக்கு. வேலை நேரத்தில் செத்தால் கம்பெனி பொறுப்பு. மேலாளர் சொன்னார் என்று கடிகாரத்தை இரண்டு முப்பத்து மூன்றுக்குப் பின்னால் இழுத்து, ரத்தம் காயாத வருகை அட்டையைத் துடைத்துத் தேய்த்து, செத்தவன் முன்பே வெளியேறிவிட்டதாகப் பதிந்தவன் அவன்தான். பிறகு கடிகாரத்தைச் சரியாக்கினான். கை கழுவினான். சாப்பிடப் போனான்.

ரேக்குக்குப் பின்னாலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. இந்த அறையில் கிரீஸ் ஏது?

கதவில் தன் அட்டையைத் தேய்த்தான். சிவப்பு விளக்கு. மறுபடியும். சிவப்பு.

“அக்கா, கதவு தொறக்கல. அங்கேருந்து தொறந்து விடுங்க.”

“இருங்க.” விசைகளைத் தட்டும் ஓசை. “நீங்கதான் கிளம்பிட்டீங்களே. ரெண்டு முப்பத்து மூணுக்கு அட்டை தேச்சு வெளிய போயிருக்கீங்க.”

“உள்ளதான்க்கா இருக்கேன்.”

“பதிவுல இல்லியே.” அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “பதிவுல இருக்கிறதுதான் கணக்குன்னு அந்த மூட்டைக்காரன் பொண்டாட்டிகிட்ட நீங்கதானே சொன்னீங்க.”

போன் அடங்கியது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த நிசப்தத்தில் ரப்பர் பெல்ட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சுவருக்கு அப்பால் இல்லை. ரேக்குக்குப் பின்னால்.

கதவை அறைந்தான். வெளியே யாருமில்லை.

சட்டை நுனியை ஏதோ பற்றியது. இழுத்தது. மெதுவாக, அவசரமில்லாமல்.

திரையில் இரண்டு ஐம்பது. இந்த முறை கடிகாரம் பின்னால் போகவில்லை.

மூட்டை தூக்கியவனுக்கு, அன்று பறித்த பதினேழு நிமிடம் இன்னும் பாக்கி.