தலையணைக்கடியில் ஒரு சங்கிலி

இரண்டாவது மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் வலது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வலி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அழைப்பு மணியை அழுத்தினாள்.

குழந்தைகள் காப்பு அலுவலகத்தில் வேலை. பெற்றவர்கள் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடு தேடிப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த வீட்டுக்குப் போனால் முதலில் பிள்ளையின் படுக்கையைத்தான் பார்ப்பாள். பேச்சில் நடிக்கலாம், சோறு போடுவதில்கூட நடிக்கலாம், படுக்கைக்கு நடிக்க வராது என்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குத் தலையணை மேடம் என்று பேர். ஜீப் டிரைவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவான். அவளும் ஏன் என்று குரல் கொடுப்பாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. கதவைத் திறந்த வீட்டுக்காரியின் இடுப்பில் இரண்டு வயதுப் பையன். அவனுடைய அக்கா, பத்து வயது, தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். ஒட்ட வெட்டிய தலையில் புண்கள். புண்களின் மேல் திட்டுத் திட்டாக ஊதா மருந்து. தலையைத் தடவிய மேடத்தின் விரலிலும் ஊதா ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரி நடந்ததைச் சொன்னாள். வியாழக்கிழமை கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியாயிற்று. நேற்று ராத்திரி சந்தேகப்பட்டு அந்தப் பெண்ணின் அறைக்குப் போனாளாம்.

"நல்லா தூங்கிட்டு இருந்தா மேடம். மெதுவா தலையணைக்கு அடியில கைய விட்டேன், சங்கிலி இருந்துச்சு. தலைய தூக்கி எடுத்தது கூடத் தெரியாம தூங்குறா, அவ்வளவு அழுத்தம்."

திருட்டுப் புகார் வந்தால் அந்தப் பிள்ளையை அன்றைக்கே பொது இல்லத்துக்கு மாற்ற வேண்டும். புகார் யார் மேலோ அந்தப் பிள்ளையை மட்டும். தம்பி இங்கேயே இருப்பான்.

"எடுத்தியா?" என்று பெண்ணைக் கேட்டாள் மேடம்.

"இல்ல."

"அப்புறம் எப்படி அங்க வந்துச்சு?"

"தெரியல." பிறகு பெண்ணே கேட்டாள்: "எங்கள இன்னிக்கேவா பிரிப்பீங்க?"

அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் கேட்டாள்.

தலையணை மேடம் படுக்கையைப் பார்க்கப் போனாள். கட்டில், வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை. கசங்கல் இல்லை. படுக்கையை நறுவிசாக வைத்துக்கொள்வாள், அதை மட்டும் குறை சொல்ல முடியாது என்றாள் வீட்டுக்காரி. உறை எப்போது மாற்றியது என்று கேட்டதற்கு, மோட்டார் ரிப்பேர், ஒரு வாரமாக எதையுமே துவைக்கவில்லை என்றாள். மருந்து?

"திங்கக்கிழமை டாக்டர் குடுத்தார். தினமும் படுக்கப் போறப்ப நானே என் கையால போட்டு விடுறேன். யார் செய்வா மேடம்?"

"யாரும் செய்ய மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டாள் மேடம்.

நடைவழியில் இன்னொரு கதவு. புருஷன் பெண்டாட்டி படுக்கிற அறை. பையனின் தொட்டிலும் அங்கேதான். அந்தக் கதவுக்கு முன்னால் சாக்கு மிதியடி கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்தாள். பிறகு, தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரனை எழுப்பச் சொன்னாள். இரவுக் காவல் வேலை. விடியற்காலையில்தான் வீடு திரும்புகிறவன். கண் எரிச்சலோடு வந்து நின்றான்.

"இந்தத் தலையணைய பாருங்க" என்றாள் வீட்டுக்காரியிடம். "திங்கக்கிழமையிலிருந்து மருந்து. தொட்டா ஒட்டுது. உறை துவைக்கல. ஒரு பொட்டு ஊதா இருக்கா? இப்ப அந்த மிதியடிய பாருங்க. பூரா ஊதா. இந்தப் பொண்ணு இந்தக் கட்டில்ல படுத்ததே இல்ல. நேத்து ராத்திரி நீங்க யாரோட தலைய தூக்கினீங்க?"

வீட்டுக்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அது எங்க ரூம் வாசல்லதான் கெடக்கும்" என்றான். "நான் தாண்டித்தான் உள்ள போவேன். விடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிடும். இவளுக்குத் தெரியாது."

"சங்கிலி தொலையவே இல்ல. வச்சதும் நீங்க, எடுத்ததும் நீங்க" என்றாள் மேடம் வீட்டுக்காரியிடம். "வந்த நாள்லேர்ந்து ஒரு ராத்திரியாவது எந்திரிச்சுப் போய் அவள பாத்திருந்தா, இந்தப் பொய்ய சொல்லியிருக்க மாட்டீங்க."

வீட்டுக்காரி இடுப்பிலிருந்த பையனை இறுக்கிக்கொண்டாள்.

"நான் கேட்டது ஒரு குழந்தை. நீங்கதான் ரெண்டா தலையில கட்டினீங்க."

மேடம் பையனுக்காகக் கையை நீட்டினாள்.

படியிறங்கும்போது, கட்டிலில் படுப்பதில்லை என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று பெண்ணைக் கேட்டாள்.

"சொன்னா வாசல்லயும் படுக்க விட மாட்டாங்க. தம்பி அழுதா கேக்காது."

ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. மேடம் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். சின்னவன் என்றால் கூட்டிவாருங்கள் என்றார்கள். பெரியவளும் உண்டு என்றதும் வீட்டில் கலந்துபேசிச் சொல்வதாக வைத்துவிட்டார்கள். பொது இல்லத்திலும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், சின்னக் குழந்தைகளுக்கு வேறு தெருவில் வேறு கட்டடம்.

"எங்க மேடம் போகணும்?" என்றான் டிரைவர். இந்தத் தடவை தலையணையைச் சேர்க்கவில்லை.

"ஆபீசுக்கு. வீடு கெடைக்கிற வரைக்கும் என் ரூம்ல இருக்கட்டும். அதுவரைக்கும் யாரும் பிரிக்க முடியாது."

பின்சீட்டில் தம்பி அக்காவின் மடியில் தூங்கிப் போயிருந்தான்.

"மொதல்ல கூட்டிட்டு வந்தப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வீடுன்னு சொன்னீங்க" என்றாள் பெண். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

"சொன்னேன்."

மேடம் அடுத்த எண்ணை அழுத்தினாள். அவள் அந்தப் பிள்ளைகளுக்குத் தர வேண்டியது ஒரே வீடு. அது இன்னும் பாக்கி.