மூன்றாவது பெரிய கை

போன் அலறியது!

நாடீன் பர்விஸ் எடுக்கவில்லை. எதிரே நின்ற பண்ணைக்காரரின் உள்ளங்கையை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

அமெரிக்காவின் வயோமிங்கில், பைன் ஃபோர்க் ஊரில் துப்பாக்கி விற்கிற கடைகள் நான்கு. கையை அளந்து விற்கிற கடை அது ஒன்றுதான். செருப்புக் கடையில்கூட இத்தனை பாடு படமாட்டார்கள்! கல்லாவுக்கு மேலே அவள் தன் கைப்பட எழுதிய போர்டு தொங்கியது.

'கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கவும். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.'

போன் விடுவதாக இல்லை. எடுத்தாள்.

"மேடம்... நான் போலீஸ் டெபுடி ரூபன் பேசறேன். ஜோனெல் வேகனருக்கு நீங்க ஒரு பிஸ்டல் வித்தீங்களா?"

"வித்து மூணு வாரம் ஆச்சு. ஏன்?"

"அதே பிஸ்டலால புருஷனைச் சுட்டுட்டா. கர்ட் காலி! ரெஜிஸ்டரை எடுத்துக்கிட்டு உடனே அவங்க வீட்டுக்கு வாங்க."

நாடீன் ரெஜிஸ்டரை இடுக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

மூன்று வாரம் முன்பு நீலம் பாரித்த கன்னத்தோடு கடைக்கு வந்து நின்றவள் ஜோனெல். 'பொம்பளைக்கு இது போதும்' என்று கர்ட் வாங்கிக் கொடுத்த குட்டி ரிவால்வரை மேஜையில் வைத்தாள். ஒரு தடவை சுட்டாலே மணிக்கட்டு வீங்குகிறதாம்.

ஏழு பிஸ்டல்களைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள் நாடீன். எதுவும் சரிப்படவில்லை. எட்டாவது பிஸ்டலின் பிடிக்குப் பின்னால் மாட்டிக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று துண்டுகள் டப்பாவிலேயே வரும். சின்னதை மாட்டியதும் ஜோனெலின் விரல் டிரிகரில் போய் அழகாக உட்கார்ந்தது.

அன்றைக்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே வண்டியை விரட்டினாள் நாடீன். விற்றது நான்தானே... நான்தானே...

* * *

சமையலறை முழுக்க ரத்தம்!

ஃப்ரிட்ஜுக்கு முன்னால் மல்லாந்து கிடந்தான் கர்ட். கையில் பாதி கடித்த சாண்ட்விச். மார்பில் இரண்டு ஓட்டைகள்.

"இவளை யார்யா கூப்பிட்டது?"

உறுமியது ஊர்ப் போலீஸ் தலைவன், ஷெரிஃப் லைல் கோர்சன். ஆறடி நான்கு அங்குலம். நாடீனோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஒரு காலத்தில் குதிரை மேலிருந்து கயிறு வீசிக் காளையை மடக்குவதில் ஊருக்கே ஹீரோ. ஒரு நாள் சேணத்தில் சுற்றிய கயிறு வலது கட்டைவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது.

"நான்தான் சார்..." என்றான் ரூபன். "பிஸ்டல் நம்பரைச் சரிபாக்க..."

நாடீனின் பார்வை லைலின் இடுப்புக்குப் போனது.

"இன்னும் இந்த வெள்ளிப்பிடி பிஸ்டலைத்தான் மாட்டிக்கிட்டு அலையறியா? சேஃப்டி கொக்கியைத் தள்ளினாத்தான் அது சுடும். உன் அரைக் கட்டைவிரலால அதைத் தள்ள முடியாதுன்னு மூணு தடவை சொல்லியாச்சு!"

"வந்த வேலையைப் பாரு நாடீன்."

மூலையில் நாற்காலி. அதில் ஜோனெல். கையில் விலங்கு.

"நான் சுடலை நாடீன்! சத்தியமா சுடலை! பத்து நாளுக்கு முன்னாடியே என் வண்டியிலருந்து துப்பாக்கி காணாப்போச்சு... டப்பாவோட! இன்னிக்கு ஹோட்டல் வேலை முடிஞ்சு மத்தியானம் வந்தேன். கர்ட் கிடந்தான். பக்கத்துல என் துப்பாக்கி. புத்தி கெட்டுப்போய் கையில எடுத்துட்டேன். ஷெரிஃப் உள்ள நுழையறாரு..."

"காணாப்போனதை யார்கிட்ட சொன்னே?" என்றான் லைல்.

"சொல்லலை... கர்ட்டுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவான்."

"அதான் நீ முந்திக்கிட்டே! சாகற வரைக்கும் ஜெயில்தான். ஆயுசுக்கும் சாப்பாட்டுக் கவலை இல்லை, போ!"

ஜோனெல் விம்மி விம்மி அழுதாள்.

ரூபன் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்த பிஸ்டலை நீட்டினான். குண்டுகளை ஏற்கெனவே எடுத்திருந்தான். நாடீன் நம்பரைப் பார்த்தாள். அதேதான். பையோடு சேர்த்துப் பிடித்தாள்...

சட்டென்று முகம் மாறியது!

"ரூபன்! அவ விலங்கைக் கழட்டு."

"மேடம்?"

"கழட்டுய்யா! ஜோனெல், பையோட பிடி. கடையில சொல்லிக் குடுத்த மாதிரி பிடி."

ஜோனெல் பிடித்தாள். விரல் நீண்டது... நீண்டது... நுனி மட்டும் டிரிகரை உரசியது.

"எட்டலையே!" என்றான் ரூபன்.

"எப்படி எட்டும்? நான் மாட்டினது சின்னத் துண்டு. இதுல இருக்கறது பெருசு! கையைக் கோணலா திருப்பிப் பிடிச்சா எட்டும்தான்... ஆனா குண்டு சுவத்துல போய் இறங்கும். கர்ட் மாரைப் பாரு. ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல ஒரு காசு வைக்கத்தான் இடம்!"

"அப்ப சுட்டது...?"

"திருடினவன். துப்பாக்கி தெரிஞ்சவன். கொலை பண்ணப் போறப்பகூட கைக்குப் பொருந்தாததைத் தொட அவனுக்கு மனசு வரலை. டப்பாவுல இருந்த பெரிய துண்டை மாட்டிக்கிட்டான். பத்து நாள் அப்படியே பிடிச்சுப் பழகினதுல, மாட்டினதையே மறந்துட்டான்!"

"அவ்வளவு பெரிய கை யாருக்கு மேடம்?"

"இந்த மாடல்ல பெரிய துண்டு மாட்டிப் பாத்தது மூணே பேருக்குத்தான். ஒருத்தர் பாதிரியார்... போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். இன்னொருத்தன் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போயிட்டான். மூணாவது..."

நிறுத்திக்கொண்டாள்.



"ரூபன்..." என்றான் லைல், மிக மெதுவாக. "இவளை ஏத்திக்கிட்டு ஆபீசுக்குப் போ. நாடீன்கிட்ட வாக்குமூலத்தை நான் வாங்கறேன்."

"சார், அந்த மூணாவது ஆள்..."

"போன்னு சொன்னேன்!"

மறுபடியும் விலங்கு. ரூபன் தயங்கித் தயங்கி ஜோனெலை வெளியே கூட்டிப் போனான். வண்டி கிளம்பும் சத்தம்.

லைல் கதவைத் தாழ் போட்டான்!

"மூணாவது யாரு நாடீன்?"

"மறந்துட்டேன்."

"நீயா? ஊர்க் கையையெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கறவ!"

அறை விழுந்தது! நாடீனின் தலை ஃப்ரிட்ஜில் மோதியது. ஒரு பல் உடைந்து நாக்கில் உருண்டது. அடுத்த அடி விலாவில். கர்ட்டின் ரத்தத்திலேயே வழுக்கி விழுந்தாள்.

"போன வருஷம் மூணாவதா என் கையைத்தானே அளந்தே?"

"ஆமா..." மூச்சு வாங்கியது. "கைக்கு வார்த்த மாதிரி இருக்கு, தள்ள சேஃப்டியும் இல்லைன்னு நீயே சொன்னே. அதை விட்டுட்டு வெள்ளிப்பிடியை வாங்கினே. ஏன்டா கொன்னே இவனை?"

"மார்ச்ல, பனியில, டீச்சரம்மா ஒருத்தி வண்டி மோதிச் செத்தாளே, அந்த வண்டியை ஓட்டினது நான்தான். நசுங்கின வண்டி முகப்பை ரகசியமா மாத்திக் குடுத்தவன் கர்ட். எட்டு மாசம் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தான். ரெண்டு வாரம் முன்னாடி குடிச்சுட்டு, எல்லாத்தையும் கொட்டப் போறேன்னான்."

"ஜோனெல் உனக்கு என்னடா பாவம் பண்ணா?"

"அவ அடி வாங்கறது ஊருக்கே தெரியும். அவ சுட்டான்னா யார் சந்தேகப்படுவா? இப்ப நீ! சிநேகிதியைக் காப்பாத்த என் மேல பாஞ்சே... நான் தற்காப்புக்குச் சுட்டேன். எப்படி?"

"படு கேவலம்."

லைலின் கை இடுப்புக்குப் பறந்தது. கயிறு வீசிய கை! கண் இமைப்பதற்குள் வெள்ளிப்பிடி பிஸ்டல் அவள் நெற்றிக்கு நேராக நின்றது.

கட்டைவிரல் சேஃப்டியைத் தேடியது.

அரை விரல்... எட்டவில்லை.

மறுபடியும் தள்ளினான். வழுக்கியது!

நாடீனின் கோட்டுப் பைக்குள் ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்று இருந்தது. மூட்டுவாதம் வந்த தன் விரல்களுக்கு என்று பார்த்துப் பார்த்து அவள் எடுத்தது. தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். டிரிகரை அழுத்தினால் போதும்.

பையிலிருந்து எடுக்காமலேயே அழுத்தினாள்!

டுமீல்! டுமீல்!

முதல் குண்டு தொடையைப் பிய்த்தது. இரண்டாவது தோளெலும்பை நொறுக்கியது. கர்ட்டின் மேலேயே சரிந்தான் லைல். சரிகிற வேகத்தில்தான் சேஃப்டி நகர்ந்தது. அவன் குண்டு கூரையில் பாய்ந்து காரையைக் கொட்டியது. நாடீன் தவழ்ந்து எழுந்து அவன் மணிக்கட்டை பூட்ஸால் ஓங்கி மிதித்தாள். எலும்பு முறிந்தது. பிஸ்டல் உருண்டு ஓடியது.

கதவு உடைந்தது!

தோளைப் பிடித்தபடி ரூபன். பின்னால் ஜோனெல்.

"நீ போகலையா?"

"தெருமுனை வரைக்கும் போனேன் மேடம்... அப்பத்தான் உறைச்சது. ஷெரிஃப் கையை நீங்க அளந்தப்ப கடையில நானும்தானே இருந்தேன்! திரும்பி ஓடி வந்தேன். கதவுக்கு வெளிய எல்லாத்தையும் கேட்டேன்."

"கேட்டுட்டு அங்கேயே நின்னியா?"

"நாலு தடவை முட்டினேன் மேடம்! கதவு கெட்டி!"

ஜோனெலின் விலங்கு கழன்றது. லைலின் கைகளில் ஏறியது. ஜோனெல் நாடீனைக் கட்டிக்கொண்டு கதறினாள். உடைந்த பல்லோடு நாடீனும் அழுதாள். நிம்மதியில்.

"ஆம்புலன்ஸ்..." முனகினான் லைல். "அந்தச் சனியன் பிடிச்ச சேஃப்டி... நீதானேடி வித்தே..."

நாடீன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"நான்தான் வித்தேன் லைல். மாத்திக்கலாம்னு மட்டும் கடைப்பக்கம் வந்துடாதே... போர்டைப் படிச்சிருப்பியே?"